பத்தொன்பதாம் பக்கத்துக் கேள்வி

குருவுக்கு நாற்பத்து மூன்று வயது. சீடருக்கு அறுபத்தாறு. இது சீடருக்கு முதல் நாளே உறுத்தியது.

"நீங்கள் பிறந்த வருடம் எது, அம்மா?" என்று கேட்டார் மாசிலாமணி.

குரு சொன்னார்.

"அந்த வருடம் நான் சிறையில் இருந்தேன்."

"அங்கே படுக்கப் பாய் கொடுத்தார்களா, ஐயா? இங்கேயும் பாய்தான்," என்றார் குரு அரசியம்மா.

மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு நீளமான கூடம், அதைச் சுற்றி எட்டு அறைகள். ஊர்க்காரர்கள் அதை நோட்டு மடம் என்றார்கள். பூசை கிடையாது, பிரசங்கம் கிடையாது. வருகிற ஒவ்வொருவருக்கும் முப்பது தாள் தைத்த ஒரு நோட்டு. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு கேள்வி. நாளுக்கு ஒரு தாள், ஒரு புறம் மட்டும் எழுத வேண்டும். முப்பதாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும்.

மாசிலாமணி அங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் முன்னின்று நடத்திய ஆலைப் போராட்டத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். சங்கம் இப்போது மூன்றாக உடைந்து, ஒரே கட்டடத்தில் மூன்று பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் மலர் ஒன்றுதான். அதில் அவர் கதையை அவரே எழுத வேண்டுமாம். துண்டறிக்கை படித்தே எழுத்தறிந்தவர் அவர். ஒரு மணி நேரத்தில் மூன்று துண்டறிக்கை எழுதிய கை அது. ஆனால் நான்கு மாதமாக ஒரு வரி நகரவில்லை. ஒரு பெயர் வர வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மருத்துவரோ இதயத்தில் ஒன்றும் இல்லை என்கிறார்.

"பயமா, ஐயா?" என்றார் குரு.

"பயமா? எனக்கா? லத்திக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நின்றவன் நான்."

"நான் லத்தியைக் கேட்கவில்லை."

நோட்டுகள் கூடத்துச் சுவரில் ஒரு திறந்த அலமாரியில் இருந்தன. கதவு இல்லை, பூட்டு இல்லை. மாசிலாமணி அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாமே!"

"படிக்கலாம். இதுவரை யாரும் படித்ததில்லை."

"அம்மா, நோட்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. போலீசுக்கு நாமே எழுதி வைக்கிற வாக்குமூலம் அது. நாற்பத்தொரு வருடமாக நான் நோட்டு வைத்துக்கொள்வதில்லை."

"அதற்கு முன்னால் வைத்திருந்தீர்களா?"

மாசிலாமணி தன் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு கையெழுத்தில் இருந்தது. சிலது கோழி கிறுக்கியது போல. சிலது அச்சில் வார்த்தது போல.

"இவற்றை எழுதியது யார்?"

"முன்னால் வந்துபோனவர்கள். போகும்போது ஆளுக்கு ஒரு கேள்வியைப் பத்துத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தாள்களைக் கலந்து தைக்கிறேன். கேள்வி இங்கே தங்கும். விடையை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள்."

முதல் தாளின் கேள்வி: 'இன்று காலை எதைப் பார்த்தீர்கள்?' மாசிலாமணி தாள் நிரம்ப எழுதினார். எழுதியதைக் குருவிடம் அவராகவே உரக்கப் படித்தும் காட்டினார். உழைக்கும் மக்களின் இருண்ட வானில் எழும் செஞ்சுடர் என்று தொடங்கி, அடக்குமுறை ஒழிக என்று முடிந்தது.

"நன்றாக இருக்கிறது," என்றார் குரு. "இதில் இன்று காலை எங்கே?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அடுத்த பதினேழு தாள்களையும் அதே மாதிரி கூட்டம் போட்டு, கொடி பிடித்து, கோஷமிட்டுக் கடந்தார்.

அப்போது மடத்தில் இன்னும் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தவசிலிங்கம், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. எல்லோரும் அவரை ஏட்டையா என்று கூப்பிட்டார்கள். பருத்த உடம்பு, மெல்லிய குரல். அவர் உட்கார்ந்த பந்தியில் மாசிலாமணி உட்காரமாட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவார்.

"என்ன ஐயா, என் கூட உக்காந்தா சோறு இறங்காதா?" என்று ஒருநாள் ஏட்டையா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உங்கள் லத்தி என் முதுகில் இறங்கியிருக்கிறது. சோறு இறங்கச் சற்று நாளாகும்."

"நான் அந்த ஜில்லாவுலயே வேலை பாக்கலையே."

"லத்திக்கு ஜில்லா ஏது?"

ஏட்டையா தலை குனிந்து மோரை ஊற்றிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் பிற்பகல். மாசிலாமணி அன்றைய தாளை எழுதி முடித்தார். பிறகு தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி அந்தத் தாளின் நடுவில் கிடத்தினார். தலைமறைவாக இருந்த காலத்தில் கற்ற வித்தை அது. பெட்டியானாலும் புத்தகமானாலும் ஒரு முடியை வைத்துவிட்டால் போதும். வேறு யாராவது திறந்தால் முடி இடம் மாறியிருக்கும். முதல் நாளிலிருந்தே தினமும் அப்படித்தான் செய்துவந்தார். தினமும் முடி வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்றைக்கு மட்டும் மூடுவதற்கு முன்னால், நாளைய கேள்வி என்ன என்று பார்க்கத் தோன்றியது. விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினார். கட்டுக்கட்டாய்த் துண்டறிக்கை விநியோகித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் சாகும்வரை போகாது.

பத்தொன்பதாம் தாளில், உருண்டை உருண்டையான எழுத்தில் இருந்தது:

'யார் பெயரை எழுதாமல் இந்தப் பக்கம் வரை தப்பித்து வந்தீர்கள்?'

அடுப்பில் கை வைத்தவர் போல நோட்டை மூடினார். அலமாரியில் திணித்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாருக்கோ தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி ஏன் இவர் நோட்டில் இருக்க வேண்டும்? ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்தார். ஏட்டையா அலமாரிக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு நோட்டாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பதினெட்டாம் தாளைத் திறந்தார்.

முடி இல்லை.

உதறிப் பார்த்தார். தரையில் தேடினார். இல்லை. பெயரை அவர் எங்கும் எழுதவில்லைதான். ஆனால் துப்புத் துலக்க அந்தக் கேள்வியே போதும். நாற்பத்தொரு வருடம் பொத்திப் பொத்தி வைத்தது இன்றைக்கு ஒரு போலீஸ்காரன் கையில். மலர் வெளிவரும் நாளில், மாலை போடுகிற மேடையில், யாராவது ஒருவன் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்வான். அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு போக மறுத்தது.

நேரே சமையல்கட்டுக்குப் போனார்.

"பேச்சியம்மா, ஒரு கை மைதா கொடு."

"பரோட்டா போடப் போறீகளா?" என்றாள் சமையல்காரப் பேச்சியம்மாள்.

"பசை காய்ச்ச வேண்டும்."

அடுப்படியில் நின்று அவரே காய்ச்சினார். கட்டி தட்டாமல், நூல் பதத்தில், பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் இல்லையே என்ற குறையோடு. பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தைத் தரையில் விரித்தார். கூடத்தில் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு.

எச்சரிக்கை! நம்மிடையே உளவாளி!
நோட்டுகளைத் திருடிப் படிப்பவன் ஏட்டு தவசிலிங்கம்!
இவன் முகத்தில் விழிக்காதீர்!

நான்கு மாதத்தில் முதல் தடவையாக எழுத்து மடை திறந்தது போல வந்தது. சுவரில் ஒட்டி, உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவிவிட்டார். நெஞ்சடிப்பு தணிந்திருந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். படித்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏட்டையா கடைசியாக வந்தார். சுவருக்கு எதிரே நின்று, உதடு அசைய, ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் தட்டைச் சற்று நகர்த்திக்கொண்டார். ஏட்டையா கையிலிருந்த காலித் தட்டைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். வெளியே போனார்.

"பார்த்தீர்களா? மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை," என்றார் மாசிலாமணி.

பேச்சியம்மாள் கரண்டியோடு வந்தாள். "ஏட்டையாவா நோட்டைப் படிச்சாரு? மூணு நாளா அவரு கண்ணாடி டவுன்ல ரிப்பேர்ல கெடக்கு. தட்டுல கெடக்குற கருவேப்பிலை எது மொளகா எதுன்னு என்னைக் கேட்டுத்தான் ஒதுக்குறாரு. நேத்து தன் நோட்டையே தடவித் தடவித்தான் கண்டுபிடிச்சாரு."

"அப்படியானால் இதை மட்டும் எப்படிப் படித்தான்?"

"நீங்க அம்மாம் பெரிசா எழுதியிருக்கீகளே. குருடனும் படிப்பான்."

மாசிலாமணி வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

அரசியம்மா உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கிழிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அவர் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அறை திறந்து கிடந்தது. பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பை அங்கேயே இருந்தது. ஆள் இல்லை.

"குவாரிப் பக்கம் போனாரும்மா. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல," என்றாள் பேச்சியம்மாள்.

மடத்துக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் நிரம்பி, அடி தெரியாமல் பச்சையாக நிற்கும். குரு நடந்தார். மாசிலாமணி பின்னால் ஓடினார். முட்செடி வேட்டியை இழுத்தது. நிற்காமல் கிழித்துக்கொண்டே ஓடினார்.

"முன்பு ஒரு முறை இப்படி யாரையாவது தேடியிருக்கிறீர்களா, ஐயா?" என்றார் குரு, திரும்பாமல்.

"இல்லை."

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "அப்போது தேடவில்லை."

பிறகு மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவன் பெயர் பரஞ்சோதி. நூற்புப் பகுதியில் இவருக்குப் பக்கத்து இயந்திரம். வேலைநிறுத்தத்தின்போது ரகசியக் கூட்டம் கூடிய இடம் போலீசுக்குத் தெரிந்துவிட்டது. பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டிக் கொடுத்தது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் ஆலை வாசல் சுவரில் ஒரு தட்டி ஏறியது. கருங்காலி பரஞ்சோதி. இவன் முகத்தில் விழிக்காதே. அதற்குப் பிறகு ஆலைக் குடியிருப்பில் அவன் குடத்தைக் குழாயடியில் வைக்க விடவில்லை. அவன் பிள்ளையோடு எந்தப் பிள்ளையும் விளையாடவில்லை. பத்தாம் நாள் ரயில் பாதையில் கிடந்தான்.

"தட்டியை எழுதியது?"

"நான்."

"அவன்தான் காட்டிக் கொடுத்தான் என்று எப்படித் தெரியும்?"

மாசிலாமணி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூட்டம் நடக்கும் இடத்தை நான் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அது முந்தின நாளே தொலைந்துபோய்விட்டது. முடிவெட்டும் கடையில் விட்டேனா, பேருந்தில் விட்டேனா, தெரியாது. தட்டி எழுதும்போது அது என் சட்டைப்பையில் இல்லை என்று எனக்குத் தெரியும்."

குரு தொடர்ந்து நடந்தார்.

குவாரி விளிம்பில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. பக்கத்தில் மடித்து வைத்த துண்டு.

மாசிலாமணியால் விளிம்புக்குப் போக முடியவில்லை. கண்ணை மூடினால் தண்டவாளம், திறந்தால் செருப்பு. "ஏட்டையா!" என்று கத்தினார். எத்தனையோ மைதானங்களைக் குலுக்கிய குரல் அது. இப்போது கீச்சென்று வந்தது. பாறைச் சுவர் அதைத் திருப்பிக் கொடுத்தது. "ஏட்டையா! தவசிலிங்கம் ஐயா!"

தண்ணீர் அசையவில்லை.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்றது ஒரு மெல்லிய குரல், கீழேயிருந்து.

விளிம்புக்கு அடியில், கல் வெட்டிய படி ஒன்றில், ஏட்டையா காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏட்டையா மேலே பார்க்காமல் பேசினார். "முப்பத்து மூணு வருஷம் சர்வீசு. எத்தனையோ பேரு என்னை என்னென்னவோ திட்டியிருக்காங்க. அதுல பாதிக்கு மேல நான் நெசமாவே செஞ்சது. அதை எழுதத்தான் இங்க வந்தேன். செஞ்சதுக்குத் திட்டினா தாங்கிக்கிடலாம், ஐயா. பக்கத்துல உக்காந்திருந்த மனுசன் தட்டை நகத்தினாரு பாருங்க. அதான் தாங்கல."

"வாருங்கள், சாப்பிடப் போகலாம்," என்றார் குரு.

"அந்தச் சுவத்துக்கு முன்னால உக்காந்தா?"

"இப்போதே கிழித்து எறிந்துவிடுகிறேன்," என்றார் மாசிலாமணி.

"கிழிச்சா? படிச்சவங்க மனசுல இருந்து கிழிஞ்சிருமா? எழுதுனீங்கள்ல, எழுதுங்க. அதே சுவத்துல. நான் கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி."

மாசிலாமணி எழுதினார். வேறொரு நாட்காட்டித் தாள், அதே சிவப்பு மார்க்கர். 'தவசிலிங்கம் ஐயா குற்றமற்றவர். பொய் எழுதியவன் மாசிலாமணி.' இரண்டு வரிதான். அதற்கு அரை நாள் ஆனது. எழுத்து சின்னதாகிச் சின்னதாகிப் போனது. இரண்டு தாள் வீணாகி, மூன்றாவது தாளில்தான் உள்ளங்கை அளவுக்கு வந்தது. அதைக் காலையில் ஒட்டியதற்குப் பக்கத்திலேயே ஒட்டினார். ஏட்டையா எதிரே நின்று, உதடு அசைய, ஒரு தடவை படித்தார். பிறகு கவிழ்த்து வைத்த தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"பேச்சியம்மா, ரசம் இருக்கா?"

"இருக்கு. ஆறிப்போச்சு."

"ஊத்து."

அன்று மாலை, வெயில் தாழ்ந்த நேரம். கூடத்தில் குருவும் மாசிலாமணியும் மட்டும் இருந்தார்கள். மாசிலாமணி தன் நோட்டை எடுத்து வந்து குருவின் முன்னால் வைத்தார்.

"பிறகு யார்தான் திறந்தார்கள், அம்மா? முடி எங்கே போனது?"

"பத்தொன்பதாம் தாளைத் திறந்து பார்த்தீர்களா?"

"அதை எப்படித் திறப்பேன்?"

குரு திறந்தார். உருண்டை எழுத்துக் கேள்விக்குக் குறுக்கே, எச்சில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, ஒரு நரைமுடி கிடந்தது.

மாசிலாமணி தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கேள்வி? இதை என் நோட்டில் வைத்தது யார்?"

"நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். அவர் விட்டுப்போனது. அது ஒன்பது பேருடைய நோட்டில் வந்துவிட்டது. உங்களுடையது கடைசித் தாள்."

"அவர் யார் பெயரை எழுதாமல் இருந்தாராம்?"

"எனக்குத் தெரியாது. விடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்."

மாசிலாமணி முடியை எடுத்து ஊதிவிட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பரஞ்சோதியின் மனைவி ரூபவதி இன்னும் அதே குடியிருப்பில், அதே ஐந்தாவது வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். தபால்காரருக்கு வழி சொல்வதென்றால் இன்றைக்கும் கருங்காலி வீட்டுக்கு எதிர்ச்சந்து என்றுதான் சொல்கிறார்கள். இவரே அப்படி இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறார். அதையும் குருவிடம் சொன்னார்.

"இன்றைக்கு எழுதிவிடுகிறேன், அம்மா. ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன். நோட்டுத் தொலைந்தது, தட்டி எழுதியது, அவன் குடம், அவன் பிள்ளை, எல்லாவற்றையும்."

"எழுதுங்கள்."

"மீதிப் பன்னிரண்டு தாளும் அவனுக்குத்தான்."

"சரி."

பேனா தாளைத் தொட்டது. நின்றது. அவர் நிமிர்ந்து திறந்த அலமாரியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"இதை யாரும் படிக்கமாட்டார்களே?"

"மாட்டார்கள், ஐயா."

"நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம், இல்லையா?"

"வைத்துக்கொள்ளலாம்."

மாசிலாமணியின் நெஞ்சடிப்பு தணிந்தது. காலையில் பசை நீவியபோது தணிந்த அதே மாதிரி. "அப்படியானால் இதோடு தீர்ந்தது," என்றார்.

எதிர்ச்சுவரில் சிவப்பு எழுத்துகள் மாலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. குரு அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பரஞ்சோதி பெயரை நீங்கள் நோட்டிலா எழுதினீர்கள்?"